வலப்பக்கம், கொஞ்சம் கீழே

சிங்காரவேலின் வலது பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம் யாரும் சொல்லாமலே வந்துவிட்டது.

நெய்வேலி பதினெட்டாம் வட்டத்துக் குவார்ட்டர்ஸில் ஹால் என்பதே பத்துக்குப் பன்னிரண்டுதான். அதற்குள் கட்டில், டிவி, தையல் மிஷின், மகள் வெண்மதியின் மேஜை எல்லாம் இடது பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, வலது பக்கச் சுவர் மொட்டையாகக் கிடந்தது. காற்றில் ஆடுகிறது என்று காலண்டரைக்கூடப் புஷ்பவல்லி கழற்றி அடுக்களையில் மாட்டிவிட்டாள். சோறு போடும்போது அவனைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்துதான் போடுவாள். ஒருநாள் கல்லூரியிலிருந்து பசியோடு வந்த வெண்மதி மறந்துபோய் வலப்பக்கம் குனிந்து ரசத்தை ஊற்றினாள். அவன் தட்டை உதறிவிட்டு எழுந்து ஓடினான். பாத்ரூமில் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. அந்த ரசக்கறை இன்னும் சுவரில் இருக்கிறது.

எட்டு மாதம். கழுத்து வலப்பக்கம் திரும்பவில்லை. தோளில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி கனம். தூக்கம் என்பது விடியற்காலையில் முதல் ஷிப்ட் சங்கு ஊதுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம். கடலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கழுத்து நல்லாதான் இருக்கு, வேற எங்கயோ பிரச்சனை" என்றார். வேற எங்கே என்று அவர் சொல்லவில்லை.

சிங்காரவேலுக்குப் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். பதினெட்டு வருஷமாகக் கிரேன் ஆபரேட்டர். சுரங்கத்தில் இல்லை, வடலூர் ரோட்டில் ஒரு தனியார் காண்ட்ராக்டரின் யார்டில். புஷ்பவல்லி டவுன்ஷிப் பள்ளிக்கூடம் ஒன்றில் அட்டெண்டர், பர்மனெண்ட். குவார்ட்டர்ஸ் அவள் பேரில்தான். அவள் அப்பா கோவில்பட்டியிலிருந்து வேலைக்கு வந்தவர்; அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் நெய்வேலி.

போன செப்டம்பரில் அந்த யார்டில் ஒரு சாவு. நீளமான குழாய் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு கிரேன் நகர்ந்துகொண்டிருந்தது. அடுக்கி வைத்த குழாய்களுக்கும் தொங்கிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டான் அஷ்ஃபாக். ஃபிட்டர். முப்பத்தொரு வயது. கிரேனை ஓட்டியது சிங்காரவேல்.

காண்ட்ராக்டர் விசாரணை வைத்தார். இந்த வகைக் கிரேனில் டிரைவருக்கு வலது பக்கத்தைப் பாரம் தூக்கும் நீண்ட இரும்புத் தண்டான பூம் மறைக்கும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 'ஆபரேட்டர் பார்க்க வாய்ப்பில்லை. இறந்தவர் நிறுத்தச் சொல்லி எந்தச் சைகையும் காட்டவில்லை. கைபேசியில் கவனமாக இருந்திருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சிங்காரவேலும் போட்டான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மறுநாள் அஷ்ஃபாக்கின் மனைவி ஆசிஃபா, மாமனார் கமாலுதீனோடு குவார்ட்டர்ஸுக்கே வந்தாள். உட்காரவில்லை. வாசல்படியில் நின்றபடியே கேட்டாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். கடைசில அவரு எதனா பண்ணாரா? கத்துனாரா, கையக் கிய்யக் காட்டுனாரா?"

"நான் பாக்கலைம்மா."

"அதான் சொன்னேனே" என்றார் கமாலுதீன். "போனைப் பாத்துகினு நின்னிருப்பான். தெருவே அதைத்தான் சொல்லுது. கவனமில்லாத பய. வா போவலாம்."

அவர்கள் படியிறங்கி வலது பக்கமாகத் திரும்பிப் போனார்கள். அவர்கள் போவதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பியவனுக்கு அது பாதியிலேயே நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு மாதம் ஒருமுறை கவுன்சிலிங்குக்கு வரும் இசைப்பிரியாவிடம் இதையெல்லாம் சொன்னது புஷ்பவல்லிதான். இசைப்பிரியா மந்தாரக்குப்பத்துப் பெண், ஒரு டர்னரின் மகள். சனிக்கிழமைகளில் வடலூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஆட்களைப் பார்க்கிறாள். 'பிரெயின்ஸ்பாட்டிங்' என்று ஒரு முறை, கண் பார்க்கும் இடத்தை வைத்து உடம்பில் அடைபட்டதைத் திறப்பது என்று சொல்லியிருந்தாள்.

"மந்திரிக்கறதா?" என்றான் சிங்காரவேல்.

"படிச்ச பொண்ணுங்க. மந்திரிக்காது."

"அப்ப கண்ணாடி போடச் சொல்லுமா?"

"வந்து பாருங்களேன். ஜூன் ஒண்ணாம் தேதிக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்னு உங்க முதலாளி நேத்தும் போன் பண்ணிட்டார்."

அக்னி நட்சத்திரம். ஸ்கூட்டியைப் புஷ்பவல்லி ஓட்ட, அவன் பின்னால் முகத்தை இடப்பக்கம் திருப்பி உட்கார்ந்து வந்தான். ரோட்டோரம் பலாப்பழக் குவியல்கள் வெயிலில் வாசம் விட்டுக்கொண்டிருந்தன. நிலக்கரி லாரி ஒன்று முந்திப் போய் இருவர் முகத்திலும் கறுப்பை அப்பியது.

மாடியில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சத்தம் போடும் ஏர்கூலர். இசைப்பிரியா ஒரு கம்பியை எடுத்து இழுத்து நீட்டினாள். நுனியில் சிவப்பு மணி.

"பழைய ரேடியோ ஏரியல் மாதிரி இருக்குதுங்க."

"அதேதான் அண்ணா. மணி மட்டும் நான் ஒட்டுனது." அவள் எதிரில் உட்கார்ந்தாள். "நடந்ததைக் கதையா சொல்லணும்னு இல்லை. ஒரு பக்கம் பாத்தா உடம்பு சும்மா இருக்கும், இன்னொரு பக்கம் பாத்தா துடிக்கும். எங்க அதிகமா துடிக்குதோ அங்கயே பாத்துக்கிட்டு இருக்கப்போறோம். நான் கூடவே இருப்பேன். முடியலைன்னா கண்ணை வேற பக்கம் திருப்பிடலாம்."

"பாத்துகினே இருந்தா சரியாப்பூடுமா?"

"பாதியில நிறுத்தி வெச்சதை உடம்பு முடிச்சுக்கும்னு சொல்லுவாங்க. பல பேருக்கு ஆகியிருக்கு. உங்களுக்கு ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்தப் பேச்சு அவனுக்குப் பிடித்திருந்தது. சத்தியம் பண்ணிக் கொடுத்த தைலங்கள் வீட்டில் ஆறு பாட்டில் இருந்தன.

காதில் ஹெட்ஃபோன் மாட்டினாள். மெல்லிய இசை ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போய்ப் போய் வந்தது. கம்பி நுனியை இடது ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்தினாள். அவன் கண் சிவப்பு மணியை விடாமல் போனது. முகத்தில் ஒன்றும் இல்லை. மேலே தூக்கினாள். அவன் இடது கை முழங்காலிலிருந்து கொஞ்சம் எழும்பிப் பின்னால் இழுத்தது. கீழே இறக்கினாள். கை முன்னால் போனது.

"அண்ணா, கை என்ன பண்ணுது?"

"நீங்க பூமைத் தூக்கச் சொல்றீங்க. தூக்கறேன். இறக்கச் சொல்றீங்க, இறக்கறேன்."

"நான் சிக்னல் காட்டலையே."

"எதிர்ல ஆள் நின்னு நுனிய அசைச்சா எனக்கு அது சிக்னல்தாங்க. பதினெட்டு வருசம். கையே போவுது, நான் என்னா பண்றது?"

புஷ்பவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு. அது நிற்கும்போது அழுகையாக முடிந்தது. அன்று அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை இசைப்பிரியா கம்பியை அவன் கையிலேயே கொடுத்தாள்.

"நான் ராத்திரி பூரா யோசிச்சேன். நான் காட்டினா நீங்க வேலை செய்ய ஆரம்பிச்சுடறீங்க. அதனால இன்னைக்கு சிக்னல்மேனும் நீங்க, ஆபரேட்டரும் நீங்க."

"ரெண்டு பேர் வேலைய ஒருத்தன் செஞ்சா சேஃப்டிக்காரன் ஒத்துக்க மாட்டான்."

"சேஃப்டிக்கு நான் இருக்கேன். நகர்த்துங்க."

அவன் கம்பியை நீட்டிப் பிடித்து இடமிருந்து நகர்த்தினான். நடு மூக்குக்கு நேராக வரும்வரை தாராளமாக வந்தது. அதைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. மூச்சு சின்னதானது. இன்னும் ஒரு ஜாண். நுனி தானாகக் கொஞ்சம் கீழே இறங்கியது. அங்கே நின்றது. சிவப்பு மணி நடுங்கியது.

"அங்கயா?"

"இதுக்கு மேல போவ மாட்டேங்குது."

"போக வேணாம். உடம்புல எங்க தெரியுது?"

"தோளு. கழுத்து நரம்பு. நாக்கு ஒட்டிக்குது."

"எவ்வளவு துடிக்குது, பத்துக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க?"

"பன்னெண்டு."

அவள் எழுந்து அவன் கையிலிருந்து கம்பியை மெல்ல வாங்கி, அதே இடத்தில் ஒரு தாங்கியில் செருகினாள். வலப்பக்கம், கொஞ்சம் கீழே. பிறகு பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நிமிஷம் போயிருக்கும். ஏர்கூலர் சத்தம் மட்டும். அவன் நெற்றியில் வேர்வை துளித்துளியாக நின்றது. வலது கால் செருப்போடு தரையை அழுத்த ஆரம்பித்தது. விடாமல் அழுத்தியது. நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"கால் என்ன சொல்லுது அண்ணா?"

"பிரேக்கு."

"அது செய்யட்டும். நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

தொடை நடுங்கியது. நடுக்கம் வயிற்றுக்கு ஏறி, தோளுக்கு ஏறி, பல் கிட்டியது. புஷ்பவல்லி எழுந்தாள். இசைப்பிரியா கையைக் காட்டி உட்கார வைத்தாள். நடுக்கம் மெல்ல அடங்கியபோது அவன் ஒரு வார்த்தை சொன்னான்.

"டீ."

"டீ வேணுமா? வாங்கிட்டு வரவா?" என்றாள் புஷ்பவல்லி. எட்டு மாதமாக அவன் டீயைத் தொடவில்லை. வயிற்றுப் புண் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"டீ வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

கண்ணை மணியை விட்டு எடுக்காமலே அவன் சொன்னான். குரல் யாரோ வேறு ஆளுடையது மாதிரி வறண்டு வந்தது.

"யார்டுல ஒரே மிஷின் சத்தம். கத்துனா கேக்காது. பத்தே முக்காலுக்கு கேட்டுல டீ கேன் வரும். யாரு மொதல்ல பாக்குறாங்களோ அவங்க கையைத் தூக்குவாங்க. அதைப் பாத்து அடுத்தவன் தூக்குவான். அப்படியே கடைசி வரைக்கும் போவும். அன்னைக்கு பத்தே முக்கா இருக்கும். எதிர்ல சிக்னல்மேன் அறிவுச்செல்வன் நின்னு வா வான்னு சிக்னல் குடுத்துகினு இருக்கான். பூமுக்குக் கீழ சந்து இருக்குது பாருங்க, அந்தச் சந்துல ஒரு கை தெரிஞ்சுது. கை மட்டும்தான். டீ வந்துடுச்சுடா, இன்னும் அஞ்சு அடி, இறக்கி வெச்சுட்டுப் போலாம்னு…"

அவன் வலது கால் மறுபடி தரையை அழுத்தியது.

"சிக்னலு ஒருத்தன்தான் குடுக்கணும். மத்தவன் கை காட்டுனா பாக்கக் கூடாது. ஆனா நிறுத்துன்னு காட்டுனா யாரு காட்டுனாலும் நிறுத்தணும். மொத நாளே சொல்லிக் குடுக்கறது. நான் பாத்தேன். பாத்துட்டுதான் போனேன்."

"இப்ப எங்க இருக்கு?" என்றாள் இசைப்பிரியா.

"தோள்ல இல்லை. வயித்துக்கு வந்துடுச்சு."

"அங்கயே இருக்கட்டும். எடுத்துப் போட அவசரப்படாதீங்க."

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்தவன் மறுநாள் காலை சங்கு ஊதியும் எழுந்திருக்கவில்லை. புஷ்பவல்லி இரண்டு தடவை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். எழுந்ததும் பல் விளக்கிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக் காக்கையை விரட்டினான். வலது பக்க ஜன்னல். வெண்மதி அம்மாவைக் கிள்ளினாள்.

"அப்பா திரும்பினார்மா."

"சத்தம் போடாதே. கண்ணு பட்டுடும்."

ஞாயிற்றுக்கிழமை. கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் வைத்தாள். அவன் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினான். கை கழுவிவிட்டு வந்து, "வடலூரு வரைக்கும் போவணும்" என்றான்.

"இன்னைக்கு ஞாயிறு. அந்தப் பொண்ணு இருக்காது."

"கமாலுதீன் பாய் வூட்டுக்கு."

புஷ்பவல்லி பாத்திரத்தைப் போட்டது போட்டபடி நிமிர்ந்தாள்.

"வேணாங்க. தூக்கம் வந்துடுச்சு. கழுத்து திரும்புது. ஒண்ணாம் தேதி வேலையில போய் நில்லுங்க. இத்தோட விட்டுடுங்க."

"விட்டுடலாம்னுதான் பாக்கறேன். அந்தப் பொண்ணு வாசப்படில நின்னு கேட்டுச்சே."

"கேட்டா? நீங்க வேணும்னா செஞ்சீங்க?"

"நான் செஞ்சதைக் கேக்கலை புஷ்பா. அவன் செஞ்சதைக் கேட்டுச்சு. இல்லைன்னு சொல்லிட்டேன்."

"மறுபடியும் விசாரணை வெப்பான். லைசென்ஸ் போயிடும். பாக்கலைன்னு கையெழுத்து வேற போட்டிருக்கீங்க. போலீஸு கீலீஸுன்னு வந்தா? எல்லாத்தையும் நான் ஒருத்தியே இழுக்கணுமா?" அவள் தரையில் உட்கார்ந்தாள். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். "எட்டு மாசமா இந்த வீட்டுல நான் நேரா நடந்ததில்லை. உங்களைச் சுத்திச் சுத்தி வந்து எனக்கே இடுப்பு ஒரு பக்கமா சாஞ்சு போச்சு. இப்பதான் ஒருநாள் தூங்கினீங்க. ஒரே ஒருநாள்."

அவன் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினான்.

"காலைல இசைப்பிரியாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். இந்த மனுஷன் இப்படித்தான் கிளம்புவார்னு எனக்குத் தெரியும். போகச் சொல்லும்மா, இல்லை போகாதேன்னு சொல்லும்மான்னேன். அதை நான் சொல்லக் கூடாதுக்கான்னுட்டா. இவ்வளவு படிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்ல முடியலை பாரு."

"நான் பஸ்ல போயிட்டு வரேன்."

"ஆமா, பஸ்ல. நேத்து முளைச்ச கழுத்தை வெச்சுக்கிட்டு." அவள் எழுந்து ஸ்கூட்டி சாவியைத் தேடினாள். "ஹெல்மெட்டைப் போடுங்க."

கமாலுதீனின் வீடு வடலூரில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சந்தில். முன்கட்டில் அவர் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறார். ஒரு பர்னரை மடியில் வைத்து ஊசியால் ஓட்டை ஓட்டையாகக் குத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. காலால் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டார். உள்ளே ஆசிஃபா பண்ருட்டிக் கம்பெனி ஒன்றுக்காக முந்திரிப்பருப்பில் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தில் பாதி முடிந்திருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து தண்ணீர் கொடுத்தாள்.

சிங்காரவேல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. கை தெரிந்தது, டீ என்று நினைத்தது, போனது, பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தது. சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. புஷ்பவல்லி ஸ்கூட்டியைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.

கமாலுதீனின் ஊசி நின்றிருந்தது.

"எந்தக் கை அண்ணே?" என்றாள் ஆசிஃபா.

"என்னாம்மா?"

"கை தெரிஞ்சுதுன்னீங்களே. எந்தக் கை?"

அவனுக்குத் தெரியவில்லை. அதை அவன் யோசித்ததே இல்லை. கண் தானாக வலப்பக்கம், கொஞ்சம் கீழே போனது. அடுப்புகளுக்கு நடுவில் வெறும் சிமெண்டுத் தரை. அதையே பார்த்தான். பார்க்கப் பார்க்க, மடியில் கிடந்த அவனுடைய இடது கை மெதுவாக எழுந்தது. தோள் உயரத்துக்கு வந்து, விரல்கள் விரிந்து, உள்ளங்கை முன்னால் தெரிய நின்றது.

"இந்தக் கை" என்றான்.

ஆசிஃபா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை.

"சோத்துக்குத் தவிர எல்லாத்துக்கும் அவனுக்கு அந்தக் கைதான்" என்றார் கமாலுதீன் தரையைப் பார்த்தபடி. "சின்னதுல எவ்வளவு அடிச்சிருக்கேன் அந்தக் கைமேல."

ஆசிஃபா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் கண்ணில் நன்றி எதுவும் இல்லை.

"எட்டு மாசம் அண்ணே. போனைப் பாத்துதான் செத்தான்னு தெருவுல சொல்றாங்க, கடையில சொல்றாங்க, எங்க மாமாவே சொல்றாரு. நானே நம்பிட்டேன். ராத்திரில அவரைத் திட்டியிருக்கேன், செத்த மனுசனை. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

"தப்பும்மா. நாளைக்குக் கம்பெனிலயும் போய் எழுதிக் குடுத்துடறேன். நடக்கறது நடக்கட்டும்."

வாசலில் புஷ்பவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

கமாலுதீன் பர்னரை ஓரமாக வைத்தார். முழங்காலில் கையூன்றி எழுந்தார். பனியனோடேயே, செருப்புக்கூடப் போடாமல், புஷ்பவல்லியைத் தாண்டிச் சந்தில் இறங்கினார். எதிர்வீட்டு ஜன்னலைத் தட்டினார்.

"யோவ், வெளிய வாய்யா. எம்புள்ள கையைத் தூக்கியிருக்கான். அஷ்ஃபாக்கு நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கியிருக்கான்யா. போனும் இல்லை, ஒரு மயிரும் இல்லை."

அடுத்த வீட்டுக் கதவு. அதற்கடுத்த டெய்லர் கடை. அதே வார்த்தைகள். பகல் தூக்கத்திலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். யார் சொன்னது என்று யாரோ கேட்டார்கள். "கிரேன் ஓட்டினவனே வந்து சொல்றான். எங்க வூட்டுலதான் குந்தியிருக்கான், போய்ப் பாரு" என்ற குரல் சந்துமுனை டீக்கடை வரைக்கும் போனது. திரும்பிப் பார்த்த முகங்கள் எல்லாம் புஷ்பவல்லியைப் பார்த்தன. அவள் ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். கால் வலித்தது.

சிங்காரவேல் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"நாங்க கெளம்பறோம்மா."

"உக்காருங்க அண்ணே" என்றாள் ஆசிஃபா. முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு ஒரு பருப்பை எடுத்தாள். "மாமா திரும்பி வர்ற வரைக்கும் இருங்க. யாராச்சும் நம்பாம வந்து கேட்டா, நீங்கதான் சொல்லணும்."

அவன் உட்கார்ந்தான். வெளியே செருப்புச் சத்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன.